குடியை நிறுத்த எந்தக் கூட்டத்துக்குப் போவது? நான்கு வழிகளின் ஒப்பீடு

குடியை நிறுத்த வேண்டும் என்ற முடிவுக்கு வந்தவரிடம் மருத்துவரோ நண்பரோ வீட்டாரோ "ஏதாவது ஒரு குழுவில் சேர்ந்துகொள்ளுங்கள்" என்று சொல்கிறார்கள். அவர் தேடத் தொடங்கியதும் ஐந்தாறு பெயர்கள் கண்ணில் படுகின்றன. ஒன்று கடவுளைப் பற்றிப் பேசுகிறது, இன்னொன்று பயிற்சித்தாள்களைப் பற்றிப் பேசுகிறது, மற்றொன்று வீட்டை விட்டு வெளியே வராமலே சேரலாம் என்கிறது. எதில் சேர்வது என்று புரியாமல் நிற்பவர்கள் தொடர்ந்து கேட்டுவருவதால் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

இதில் எனக்குச் சொந்த அனுபவமும் உண்டு. எனக்கு மிக நெருங்கிய ஒருவருக்காக ஆறு வாரம் ஒவ்வொரு குழுவின் கொள்கையையும் படித்துக் குறிப்பெடுத்தேன். அந்த ஆறு வாரமும் அவர் குடித்துக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் அவர் போனது நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த குழுவுக்கு அல்ல. வேலையிலிருந்து திரும்பும் வழியில், நடந்தே போகக்கூடிய தொலைவில், மறுநாள் மாலையே நடந்த ஒரு கூட்டத்துக்கு. அதன் பிறகு பல மாதம், குடும்பத்தாரும் வரக்கூடிய திறந்த கூட்டங்களின் பின்வரிசையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கொள்கை பிடித்திருக்கிறதா என்பதற்கு முன்னால், அடுத்த வாரமும் கால் அங்கே போகுமா என்று பார்க்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் அந்த எண்ணத்தோடு எழுதப்பட்டது.

குழுவுக்கு முன்னால் ஒரு கேள்வி

தினமும் அதிகமாகக் குடித்துவந்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் உடல் அதை எளிதாக ஏற்காது. கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் எனப்படும் நிலை வருகிறது. அதில் ஆள் யார், இடம் எது என்ற தெளிவே போய், இல்லாதவை கண்ணுக்குத் தெரியும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. காலையில் கண் விழித்ததும் நடுக்கத்தை அடக்குவதற்காகக் குடிப்பவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் ஆகியோர் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை. இந்த விலகல் அறிகுறிகளை அடக்கும் மாத்திரைகளும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் அங்கேதான் கிடைக்கும். எந்தக் குழுவும், எவ்வளவு அன்பானதாக இருந்தாலும், அந்த வேலையைச் செய்ய முடியாது.

எவற்றை வைத்து எடை போடுவது

ஐந்து அளவுகோல்களை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, எளிதில் போய்வர முடிகிறதா, வாரத்தில் எத்தனை நாள் நடக்கிறது என்பது. இரண்டாவது, குழுவின் நம்பிக்கையும் மொழியும் உங்களோடு ஒத்துப்போகின்றனவா என்பது. மூன்றாவது, கூட்டம் முடிந்த பிறகு கிடைக்கும் துணை. நான்காவது, அந்தரங்கம். ஐந்தாவது, செலவு, இதில் பணத்தோடு நேரத்தையும் மன உளைச்சலையும் சேர்த்தே கணக்கிடுகிறேன்.

இவை ஐந்தும் சம எடை கொண்டவை அல்ல. முதலாவதையும் மூன்றாவதையும் மற்ற மூன்றுக்கும் மேலே வைப்பேன். குடிக்க வேண்டும் என்ற உந்துதல் கூட்டம் நடக்கும் நேரம் பார்த்து வருவதில்லை. சம்பளம் வந்த மாலையில், சண்டை முடிந்த இரவில், எல்லோரும் தூங்கிய பிறகு பதினொரு மணிக்கு வருகிறது. அந்த நேரத்தில் அழைக்க ஒரு எண் கைப்பேசியில் இருக்கிறதா என்பது, அந்தக் குழு கடவுளை நம்புகிறதா இல்லையா என்பதை விடப் பெரிய கேள்வி. நான்கு வழிகளையும் இந்த அளவுகோல்களில் கீழே வைத்திருக்கிறேன். ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த விரும்புவோர் தமக்குள் நடத்தும் குழு; ஸ்மார்ட் ரிகவரி பயிற்சிகள் வழியாக உதவும் குழு.

| அளவுகோல் | ஏ.ஏ. நேரடிக் கூட்டம் | ஸ்மார்ட் ரிகவரி | இணையவழிக் கூட்டம் | ஆலோசகர் நடத்தும் குழு |
|---|---|---|---|---|
| எளிமை, எண்ணிக்கை | பல இடங்களில், பல நாட்களில் | நேரடிக் கூட்டங்கள் குறைவு | எந்த நேரமும் | குறித்த நாள், குறித்த காலம் |
| நம்பிக்கை | ஆன்மிகச் சாயல் | உளவியல் பயிற்சி | குழுவைப் பொறுத்தது | மருத்துவ அணுகுமுறை |
| கூட்டத்துக்கு வெளியே துணை | மிக வலுவானது | குறைவு | நாமே தேடிக்கொள்ள வேண்டும் | வேலை நேரத்தில் மட்டும் |
| அந்தரங்கம் | மரபால் காக்கப்படுவது | குழு விதியால் காக்கப்படுவது | திரைக்கு அப்பால் உறுதியில்லை | தொழில் கடமை |
| பணம் | கட்டணமில்லை | கட்டணமில்லை | பெரும்பாலும் இல்லை | பெரும்பாலும் உண்டு |

ஏ.ஏ. நேரடிக் கூட்டம்

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு தொடங்கிய கதையே ஒரு குடிநோயாளி இன்னொரு குடிநோயாளியைத் தேடிய கதைதான். 1935 மே மாதம், குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்த பில் வில்சன் என்ற பங்குத் தரகர், வணிக முயற்சி ஒன்று தோற்றுப்போன நிலையில், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு ஹோட்டல் கூடத்தில் தனியாக நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசியின் பக்கம் போய், தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து அழைத்தார். பேசுவதற்கு ஒரு குடிநோயாளி வேண்டும் என்றார். அப்படித்தான் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்திடம் போய்ச் சேர்ந்தார். கால் மணி நேரம் மட்டும் என்று ஒப்புக்கொண்டு வந்த மருத்துவர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்த நாளான 1935 ஜூன் 10ஐத்தான் அமைப்பின் தொடக்க நாளாக இன்றும் கொள்கிறார்கள். இன்று சுமார் 180 நாடுகளில் இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. இதற்கு இணையான பரவல் வேறெந்தக் குழுவுக்கும் இல்லை. என் முதல் அளவுகோலில் ஏ.ஏ. முன்னால் நிற்பது இதனால்தான்.

உறுப்பினராவதற்கு ஒரே ஒரு தகுதிதான்: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். சந்தா இல்லை, பதிவேடு இல்லை. உறுப்பினர்கள் தாமாகப் போடும் காசில் குழு நடக்கிறது. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. 'திறந்த கூட்டம்' என்றால் குடும்பத்தாரும் வரலாம். 'மூடிய கூட்டம்' என்றால் குடிப்பழக்கம் உள்ளவர்கள் மட்டுமே வரலாம். முதல் முறை துணைக்கு ஆள் வேண்டுமென்றால் திறந்த கூட்டத்தையே தேடுங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடுவதோ அறிவுரை சொல்வதோ பெரும்பாலான கூட்டங்களில் வழக்கமில்லை. ஒருவர் தன் கதையைச் சொல்வார், நன்றி சொல்வார்கள், அடுத்தவர் தொடங்குவார். வாழ்நாள் முழுவதும் அறிவுரை கேட்டே களைத்துப்போன ஒருவருக்கு இந்த மௌனம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

இதன் மிகப் பெரிய பலம் ஸ்பான்சர் என்ற ஏற்பாடு. சில ஆண்டுகளாகக் குடிக்காமல் இருக்கும் ஒரு மூத்த உறுப்பினர், புதியவரை, ஏ.ஏ.வின் மீட்புப் பாதையான பன்னிரண்டு படிகள் வழியாகக் கூட்டிச்செல்கிறார். இரவில் அழைத்தால் எடுக்கிறார். பணம் கொடுத்தும் கிடைக்காத உதவி இது. ஆய்வுகளும் இதற்கு ஆதரவாக இருக்கின்றன. 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரையும் உள்ளடக்கி 2020இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வின்படி (பல மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அறிக்கை இது), ஏ.ஏ.வில் ஈடுபட வைக்கும் சிகிச்சைத் திட்டங்களில் இருந்தவர்களில் 42 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் முழுமையாகக் குடிக்காமல் இருந்தார்கள். எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை போன்ற பிற முறைகளில் இது 35 விழுக்காடு. பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரண்டு வழியிலும் ஓராண்டில் முழு வெற்றி கிட்டவில்லை என்பதையும் இதே எண்கள்தான் சொல்கின்றன. ஒரு முறை சறுக்கினால் தன்னைத் தானே சபித்துக்கொள்பவர் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. முதல் படியே, மதுவின் முன் தாம் சக்தியற்றவர் என்று ஒப்புக்கொள்வது. அடுத்த படிகள் தம்மை விடப் பெரிய ஓர் ஆற்றலிடம் தம்மை ஒப்படைப்பது. 'நாம் உணர்ந்துகொண்ட விதத்தில் கடவுள்' என்று படிகளின் வாசகம் இடம் கொடுத்தாலும், கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கு இது தொண்டையில் சிக்கும். 'சக்தியற்றவர்' என்ற சொல் சிலருக்கு விடுதலை; கொடுமைக்கு ஆளாகி வாழ்ந்தவர்களுக்கோ அதே சொல் பழைய காயத்தைக் கிளறும். ஒவ்வொரு குழுவும் தன்னிச்சையானது என்பதால் ஒரு கூட்டம் அன்பாகவும் அடுத்த தெருக் கூட்டம் கண்டிப்பாகவும் இருக்கும். மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உறுப்பினர் எங்காவது எதிர்ப்படலாம். அமைப்பின் சொந்த வெளியீடுகளே, உறுப்பினர் எவரும் மருத்துவராக நடந்துகொள்ளக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. புதிதாக வரும் பெண்களின் பலவீனமான நிலையைப் பயன்படுத்திக்கொள்ளும் ஆண்களும் உண்டு. அதனால்தான் ஸ்பான்சர் தன் பாலினத்தவராகவே இருக்கட்டும் என்ற பழக்கம் நிலைபெற்றிருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஸ்மார்ட் ரிகவரி

1994இல் தொடங்கிய இந்த அமைப்பு படிகளுக்குப் பதிலாகப் பயிற்சிகளைக் கொடுக்கிறது. ஊக்கத்தை வளர்த்துத் தக்கவைப்பது, உந்துதலைச் சமாளிப்பது, எண்ணங்களையும் உணர்ச்சிகளையும் நடத்தையையும் கையாள்வது, சமநிலையான வாழ்க்கை வாழ்வது என்று நான்கு புள்ளிகள். கூட்டத்தைப் பயிற்சி பெற்ற ஒருவர் வழிநடத்துகிறார். இங்கே ஒருவருக்கொருவர் கேள்வி கேட்கலாம், யோசனை சொல்லலாம். 'நான் ஒரு குடிநோயாளி' என்று அறிமுகம் செய்துகொள்ளும் கட்டாயமில்லை. முழுதாக நிறுத்துவதா என்று இன்னும் முடிவெடுக்காதவரையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

அவர்களுடைய பயிற்சிகளில் ஒன்று என் மனதில் நிற்கிறது. ஒரு தாளை நான்கு கட்டங்களாக மடிக்க வேண்டும். குடிப்பதால் கிடைப்பது, குடிப்பதால் இழப்பது, நிறுத்தினால் கிடைப்பது, நிறுத்தினால் இழப்பது என்று ஒவ்வொன்றிலும் எழுத வேண்டும். எழுதி முடித்த பிறகு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது குறுகிய காலத்துக்கா நீண்ட காலத்துக்கா என்று குறிக்க வேண்டும். எனக்கு நெருங்கியவர் இதை ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்து செய்தார். முதல் கட்டத்தில் 'தூக்கம் வரும்', 'பேச்சு வரும்', 'மறக்கலாம்' என்று நேர்மையாக எழுதியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'குறுகிய காலம்' என்று குறித்துக்கொண்டே வந்தவர், கடைசி வரிக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. குடியில் நன்மையே இல்லை என்று பொய் சொல்ல வைக்காத பயிற்சி என்பதால்தான் அது அவரைத் தொட்டது என்று நினைக்கிறேன்.

குறை எங்கே என்றால், நேரடிக் கூட்டங்கள் பல இடங்களில் வாரத்துக்கு ஒன்றுதான், சில இடங்களில் ஒன்றுமே இல்லை. ஸ்பான்சர் ஏற்பாடு கிடையாது. ஆகவே இரவு பதினொரு மணிக்கான எண்ணை நீங்களே தேடிக்கொள்ள வேண்டும். எழுதிப் பழகாதவருக்குப் பயிற்சித்தாள் பள்ளிக்கூட நினைவைக் கிளப்பும். மொழியும் ஒரு தடை: பயிற்சிக் கையேடு உங்கள் மொழியில் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். பலன் குறைவு என்ற அச்சம் மட்டும் வேண்டாம். ஏ.ஏ. போன்ற பன்னிரண்டு படிக் குழுக்களையும், ஸ்மார்ட்டையும், பின்னால் வரும் லைஃப்ரிங், விமன் ஃபார் சொப்ரைட்டி என்ற சிறு குழுக்களையும் ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு, முழுதாக நிறுத்துவதையே இலக்காகக் கொண்டவர்களுக்கு இந்த மாற்று வழிகளும் ஏறக்குறைய அதே பலனைத் தருவதாகத் தோன்றுகிறது என்ற முடிவுக்கு வந்தது.

இணையவழிக் கூட்டம்

ஏ.ஏ., ஸ்மார்ட் இரண்டுமே இணையத்திலும் கூட்டங்களை நடத்துகின்றன. உலகின் ஏதோ ஒரு மூலையில் எந்த மணியிலும் ஒரு கூட்டம் நடந்துகொண்டிருக்கும். கைக்குழந்தை உள்ள தாய்க்கும், இரவுப் பணியில் இருப்பவருக்கும், நடமாட முடியாதவருக்கும், எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூரில் வாழ்பவருக்கும் இது பெரிய வரம். கேமராவை அணைத்து, பெயரின் முதல் எழுத்தை மட்டும் வைத்து, கேட்க மட்டும் சேரலாம்.

ஆனால் அதே வசதிதான் இதன் குறையும் ஆகிறது. நேரடிக் கூட்டத்தில் எழுந்து போக வேண்டுமானால் நாற்காலியை நகர்த்தி, நாலு பேர் முகத்தைக் கடந்து கதவு வரை நடக்க வேண்டும். அந்தப் பத்தடி தூரமே பலரை உட்கார வைக்கிறது. திரையில் மனம் சங்கடப்படும் அந்த நொடியில் விரல் ஒரு பொத்தானைத் தொட்டால் போதும். கேமரா அணைந்திருக்கும்போது கையில் கோப்பை இருந்தாலும் யாருக்கும் தெரியாது. இன்னொன்று, மறுமுனையில் ஒருவர் திரையைப் பதிவு செய்தால் உங்களால் தடுக்க முடியாது. வீட்டில் காதொலிப்பான் இல்லாமல் சேர்ந்தால் உங்கள் அந்தரங்கம் மட்டுமல்ல, பேசிக்கொண்டிருப்பவரின் அந்தரங்கமும் உங்கள் கூடத்தில் சிந்துகிறது.

இணையத்தையே முதன்மை வழியாகக் கொள்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தினம் ஒரு புதுக் கூட்டத்துக்குத் தாவாதீர்கள். ஒரே கூட்டத்துக்கு ஒரே கிழமையில் போய், நான்காவது வாரத்துக்குள் கேமராவைத் திறந்து, வராவிட்டால் "எங்கே காணோம்" என்று விசாரிக்க இரண்டு பேராவது இருக்கும்படி செய்துகொள்ளுங்கள்.

ஆலோசகர் அல்லது மருத்துவமனை நடத்தும் குழு

மனநல மருத்துவரோ உளவியல் ஆலோசகரோ நடத்தும் குழுவில் எட்டுப் பத்துப் பேர், குறித்த வாரங்களுக்கு, ஒரு திட்டத்தின்படி சந்திக்கிறார்கள். குடியோடு மனச்சோர்வு, பதற்றம், பழைய அதிர்ச்சி, தற்கொலை எண்ணம் ஆகியவற்றில் ஏதேனும் கலந்திருந்தால் இதுதான் முதல் இடம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற உந்துதலைக் குறைக்கும் மருந்துகள் உங்களுக்குப் பொருந்துமா என்ற பேச்சும் இங்கேதான் நடக்கும். சொன்னதை வெளியே சொல்லாமல் காப்பது நடத்துபவரின் தொழில் கடமை. சக உறுப்பினர்களின் குழுக்களில் ரகசியம் காக்கப்படுவது மரபால்தான்; சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தாது. வழக்கோ வேலைச் சிக்கலோ இருப்பவர் இந்த வேறுபாட்டை அறிந்தே வாய் திறக்க வேண்டும்.

பணச் செலவை விடப் பெரிய மறைமுகச் செலவு, இது ஒரு நாள் முடிந்துவிடும் என்பது. பன்னிரண்டு வாரத் திட்டமென்றால், பன்னிரண்டாவது வாரம் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். பதின்மூன்றாவது வாரம் வெறுமையாக நிற்கும். ஆகவே இதில் சேர்ந்தவர் பாதி வழியிலேயே மேலே சொன்ன மூன்றில் ஒன்றையும் தொடங்கிவிட வேண்டும். மருத்துவப் பதிவேட்டில் பெயர் ஏறுமா என்பதையும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

சிறு குழுக்களும் குடும்பத்தாருக்கான குழுக்களும்

பெண்களுக்கென்றே 1975இல் தொடங்கிய விமன் ஃபார் சொப்ரைட்டி, மதச்சார்பற்ற லைஃப்ரிங், பௌத்தத் தியான வழியில் நடக்கும் ரிகவரி தர்மா ஆகியவை அளவில் சிறியவை; பெரும்பாலும் இணையத்தில்தான் கிடைக்கும். பொருந்தியவர்களுக்கு மிக நன்றாகப் பொருந்துகின்றன.

குடும்பத்தாருக்கு, பில் வில்சனின் மனைவி லோயிஸ் உள்ளிட்டோர் 1951இல் தொடங்கிய அல்-அனான் இருக்கிறது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அதன் பகுதியான அலட்டீன். குடிப்பவர் எந்தக் குழுவுக்கும் போக மறுத்தாலும் நீங்கள் போகலாம். நான் இதைத் தாமதமாகவே செய்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

யாருக்கு எது

எதுவும் தீர்மானிக்க முடியாமல் நிற்பவருக்கு என் பதில், நாளை மறுநாளுக்குள் நடக்கும் மிக அருகிலுள்ள ஏ.ஏ. திறந்த கூட்டம். கொள்கையில் உடன்பாடு இல்லாவிட்டாலும் அங்கே கிடைக்கும் மனிதர்கள் முதல் மாதத்துக்கு வேண்டியவர்கள். கடவுள் பேச்சு உண்மையிலேயே தாங்க முடியாதது என்றால், அல்லது முழுதாக நிறுத்துவதா என்று இன்னும் யோசிப்பவர் என்றால், ஸ்மார்ட். வெளியே போக வழியே இல்லாதவருக்கு இணையம். மனநோய் அறிகுறிகள் உடனிருந்தால் ஆலோசகர் குழு முதலில், மற்றது பிறகு. இரண்டை இணைத்துக்கொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை: மாலையில் ஏ.ஏ. போய்க்கொண்டே நான்கு கட்டத் தாளையும் எழுதியவரை எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு கூட்டத்தை வைத்து ஓர் அமைப்பையே ஒதுக்காதீர்கள். குறைந்தது மூன்று வெவ்வேறு கூட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள். ஒவ்வொன்றிலும், புதியவரிடம் யாராவது வந்து பேசினார்களா, ஒருவரே பேசித் தீர்த்தாரா, மருந்து சாப்பிடுபவரை மட்டம் தட்டினார்களா, திரும்பி வரும்போது மனம் கொஞ்சமாவது லேசானதா என்று கவனியுங்கள். மருந்தை நிறுத்தச் சொன்னாலோ, பணம் கேட்டாலோ, குடும்பத்தை விட்டு விலகச் சொன்னாலோ அடுத்த முறை அங்கே போகாதீர்கள். வேறு கூட்டம் இருக்கிறது.

முதல் நாள் பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். கூட்டம் தொடங்கிய பிறகு கதவைத் திறப்பதுதான் கடினம். எனக்கு நெருங்கியவர் அந்தக் கட்டடத்தை மூன்று முறை சுற்றிவந்து, நான்காவது முறைதான் படியேறினார். பேசும் முறை வரும்போது பெயரைச் சொல்லி, "முதல் முறை வந்திருக்கிறேன், இன்று கேட்கிறேன்" என்றால் போதும். கிளம்பும்போது ஒருவரிடம் கைப்பேசி எண் கேட்டு வாங்கி, வீடு வந்து சேர்ந்ததும் அந்த எண்ணை ஒரு முறை அழைத்து விடுங்கள். பதினொரு மணிக்கு அழைக்க வேண்டி வரும் நாளில் அது அறிமுகமான குரலாக இருக்கும்.